வீடியோவில் வராத கணவன்

புளியங்குடியிலிருந்து எலுமிச்சை ஏற்றிப்போன ஜெஸ்வினின் லாரி, லூதியானாவில் பழுதாகி நின்றுவிட்டது. மனைவி பெர்சிஸ் போனில் கேட்டாள்.

"சாப்பாட்டுக்கு என்னங்க செய்யுதிய?"

"ஒரு இடத்துல கூப்பிட்டுப் போடுதாவ. படுக்கையும் அங்கனதான்."

பின்னால் பெண்கள் சிரிக்கும் சத்தம் கேட்டது.

"யாரு அது? வீடியோல வாங்க!"

"அதெல்லாம் வேண்டாம்ட்டி."

பெர்சிஸ் அழ ஆரம்பித்தாள். வேறு வழியில்லாமல் வீடியோவில் வந்தான்.

குருத்வாராவின் சமையல்கூடம். பெண்கள் கூட்டமாக உட்கார்ந்து சப்பாத்தி தேய்த்தார்கள். ஒரு சர்தார்ஜி போனைப் பிடித்திருக்க, தலையில் துணி கட்டிய ஜெஸ்வின் எச்சில் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"சீக்கியங்க கோயிலு. யாரு வந்தாலும் சாப்பாடு உண்டு. பணக்காரங்களும் பாத்திரம் கழுவுதாவ. அதான் நானும்..."

பெர்சிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இங்கன ஒரு டம்ளராவது கழுவியிருப்பியளா? ஊருக்கு வாங்க. இனிமே நம்ம வீடும் கோயில்தான்!"