நாற்காலி ஆசை

"அந்த நாற்காலியை எடுக்கச் சொல்லி எத்தனை தடவைம்மா சொல்றது?"

விமானக் கட்டுப்பாட்டு அறைக்குள் நுழைந்ததும் இயக்குநர் எரிந்து விழுந்தார்.

தலைமை அதிகாரி எழுந்து நின்றாள். நாற்காலியை மட்டும் விடவில்லை. அவளுக்கென்று ஏசி அறை இருந்தும், புது சிஸ்டம் வந்ததிலிருந்து அவள் உட்காருவது இங்கே, பைலட்டுடன் பேசுபவருக்குப் பக்கத்தில்தான்.

"ஒருத்தர் பைலட்கிட்ட பேசணும், இன்னொருத்தர் பக்கத்துல இருந்து கேட்கணும் சார். அந்த இன்னொருத்தரைத்தான் நீங்க தூக்கிட்டீங்களே!"

"அதுக்குத்தானே புது சிஸ்டம்? நாம பறக்கச் சொன்ன உயரத்தை பைலட் தப்பா வாங்கிக்கிட்டா திரையே மஞ்சளாகிடும்!"

"அது தொட்டதுக்கெல்லாம் மஞ்சளாகுது சார். எல்லாரும் பார்க்காமலே அமுக்கி அணைக்கப் பழகிட்டாங்க."

"பேசுறவருக்குக் காது இல்லையா?"

"இருக்கு. ஆனா நாம சொன்னதைத்தான் பைலட் திருப்பிச் சொல்றார்னு அந்தக் காது முன்னாடியே முடிவு பண்ணிடும். தப்பு, பக்கத்துல இருக்கிறவர் காதுலதான் விழும்."

இயக்குநர் சிரித்தார்.

"ரிட்டையர் ஆகிற வயசுல இவ்வளவு நாற்காலி ஆசை கூடாதும்மா. திங்கட்கிழமையும் இது இங்க இருந்தா, நீங்க வேற ஊர்ல இருப்பீங்க."

அவர் கதவைச் சாத்திக்கொண்டு போனதும் அறையில் கிசுகிசு.

"மேடத்துக்கு எதுக்கு இந்த வீம்பு?"

அவளுக்குச் சுருக்கென்றது. நாற்காலி ஆசை உள்ளவர்கள் பெரிய அறையைத் தேடிப் போவார்கள். அதை விட்டு வந்தவளுக்கா இந்தப் பட்டம்? மாற்றல் வந்தால் படுத்த படுக்கையாகக் கிடக்கும் மாமியாரை யார் பார்ப்பது? பயமாகத்தான் இருந்தது.

திங்கட்கிழமை பேய்மழை. நாற்காலி அங்கேயே இருந்தது. அவளும்தான்.

போன் அடித்தது.

"மேடம், இயக்குநர்!" பக்கத்து மேசைக்காரர் பதறினார்.

பைலட் திருப்பிச் சொல்லி முடிக்கும்வரை அவள் போனை எடுக்கவில்லை. வருவது வரட்டும்.

"சொல்லுங்க சார்."

"அம்மா..." அதட்டிய குரல் கம்மிப் போயிருந்தது. "என் பொண்ணு கைக்குழந்தையோட ஃப்ளைட்ல வந்துக்கிட்டிருக்கா. மழை வேற. அந்த இன்னொரு நாற்காலியில... யாராவது இருக்காங்கல்ல?"

"இருக்கேன் சார்," என்றாள். "தினமும் யாரோ ஒருத்தரோட பொண்ணு வந்துக்கிட்டுத்தானே இருக்கா?"