ஏழாவது பெயர்

கதவை உள்பக்கமாகப் பூட்டிச் சாவியைத் தன் கைப்பைக்குள் போட்டாள் குல்யாஷ். மகன் ஒல்ஜாஸின் பாஸ்போர்ட்டும் அவனுடன் தங்கியிருக்கும் நண்பன் தெமிர்லானின் பாஸ்போர்ட்டும் ஏற்கெனவே அதற்குள்தான் இருந்தன.

"ரெண்டு பேரும் நாளைக்கு டென்மார்க் போறீங்களாமே? கல்யாணம் பண்ணிக்கவா?"

ஒல்ஜாஸ் தலையில் அடித்துக்கொண்டான். டிக்கெட் போட்டுக் கொடுத்த பெண் அம்மாவின் தோழி மகளாம். கசகஸ்தானிலேயே பெரிய ஊர்தான், ஆனாலும் அல்மாத்தியில் எந்த ரகசியம்தான் நிற்கும்!

"பதிவு ஆபீஸ்ல இத்தனை வருஷமா கல்யாணத்துக்கு முத்திரை குத்தறவ நான். இந்த நாட்டுல உங்களுக்கு யாரும் குத்த மாட்டாங்க. என்னாலயும் குத்த முடியாது."

"தெரியும்மா. அதனாலதான்..."

"நீ வாயை மூடு!" தெமிர்லான் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லு. உங்கப்பாவுல ஆரம்பிச்சு மேல ஏழு பாட்டன் பேரும் வரிசையா வரணும்."

தெமிர்லான் பூட்டிய கதவைப் பார்த்தான். அந்தப் பெயர்கள் கிடைத்தால் அவன் ஊரையும் உறவையும் கண்டுபிடித்துவிடலாம். ஒரு போன் போதும், சித்தப்பா பெரியப்பா எல்லாரும் கம்போடு வந்து இறங்கிவிடுவார்கள்.

"ஜாக்சிலிக்... கெனெஸ்... பைமுரத்..."

ஒவ்வொரு பெயருக்கும் குல்யாஷ் வலது கையில் ஒரு விரலை மடக்கினாள். கூடவே தனக்குள் ஏதோ முணுமுணுத்து இடது கையிலும் ஒன்றை மடக்கினாள்.

இதற்கு மேல் உண்மையைச் சொன்னால் வம்பு என்று தெமிர்லான் நினைத்தான். வாய்க்கு வந்த பெயரை அடித்துவிட்டான்.

"சர்சென்பாய்."

குல்யாஷின் முகம் வெளுத்தது. "எந்த சர்சென்பாய்? துர்கிஸ்தான் ஊர்க்காரரா?"

"ஆ... ஆமாம்மா."

"ஐயோ, அவரு இவனோட பாட்டனாச்சே! ஒரே ரத்தமாடா நீங்க?" பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "போச்சு. யாரும் எங்கயும் போக முடியாது."

ஒல்ஜாஸ் பொறுக்க முடியாமல் தெமிர்லானின் சட்டையைப் பிடித்தான். "எங்க பாட்டனை எதுக்குடா உங்க வீட்டுக்கு இழுக்கற? உண்மையைச் சொல்லித் தொலை!"

"பயத்துல சொல்லிட்டேம்மா. அந்தப் பேரை ஒல்ஜாஸ் சொல்லித்தான் கேட்டிருக்கேன்." தெமிர்லான் சட்டையை விடுவித்துக்கொண்டான். நடப்பது நடக்கட்டும் என்று மிச்சத்தையும் சொன்னான். "எங்க நாலாவது பாட்டன் குத்திபாய். அப்புறம் எல்தாய், ஷோன்கர், மாம்பெத். சத்தியமா."

குல்யாஷ் மறுபடியும் முதலிலிருந்து விரல்களை மடக்கினாள். உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன.

ஏழாவது பெயரும் முடிந்தது. எழுந்து வந்து தெமிர்லானின் தோளில் பளாரென்று ஒரு அடி வைத்தாள்.

"படுபாவி, ஒரு நிமிஷத்துல என் உசுரை எடுத்துட்டியே!" இரண்டு பாஸ்போர்ட்டுகளையும் எடுத்து அவன் கையில் திணித்தாள். கண் கலங்கியிருந்தது. "அரசாங்கச் சட்டத்தை டென்மார்க்காரன் பாத்துக்குவான். நம்ம முன்னோர் சட்டத்தை நான்தானே பாக்கணும்?"

பைக்குள் கைவிட்டுக் கதவுச் சாவியை எடுத்தாள்.

"ஏழு தலைமுறையா ரெண்டு வீட்டுக்கும் ரத்த உறவு இல்ல, போய்க் கல்யாணம் பண்ணிக்கிட்டு வாங்கடா!"