தேர் இழுக்காத டிராக்டர்

2024 பிப்ரவரி 24, சனிக்கிழமை. மாலையாகியும் வெயில் தணியவில்லை. தீவு நகரமான ஜார்ஜ் டவுனில் கோயில் தேர் புறப்படும் வேளையில், அதை இழுக்க வேண்டிய பழைய டீசல் டிராக்டர் ஐந்து நிமிடம் ஓடிவிட்டு நின்றது.

உரிமையாளர் குணாளனுக்கு மானமே போய்விடும் போலிருந்தது. ஆண்டுதோறும் தேரிழுக்கும் பெருமை அவருடையது. அருகிலோ, மச்சான் சிவநேசன் தம் லாரியோடு காத்திருந்தார்.

“கவலப்படாதீங்க மச்சான், என் லாரி இழுக்கும் லா!”

“நீதான் ஏதோ செஞ்சிருக்க!”

எதிர்க்கரை ஊரான ஜுருவிலிருந்து வந்த மெக்கானிக் லாரன்ஸ் ஃபில்டரை மாற்றினார். குழாயில் புகுந்திருந்த காற்றை வெளியேற்றினார். டிராக்டர் உறுமியது. ஆனால் சற்று நேரத்தில் மறுபடியும் அடங்கியது. கடைசியாக அவர் டீசல் தொட்டியின் மூடியைத் திறந்தார். ‘புஸ்’ என்று காற்று உள்ளே பாய்ந்தது.

“அண்ணே, மூடியில இருக்கிற ஓட்டைய யாரோ அடைச்சிட்டாங்க. காத்து உள்ள போகலன்னா டீசல் எப்படி இறங்கும்?”

குணாளன் மச்சானின் சட்டையைப் பற்றினார். “இப்ப என்னடா சொல்ற?”

லாரன்ஸ் துளையைக் குச்சியால் சுரண்டி முகர்ந்தார்.

“வாசமா இருக்கே! சந்தனம்ண்ணே.”

பற்றிய கை தானாகத் தளர்ந்தது.

“காலையில வண்டிக்குப் பூசை போட்டேன்...” என்று இழுத்தார் குணாளன்.

“வருஷா வருஷம் போடுறதுதானே மச்சான்?”

“இந்த வருஷம் உன் கண்ணு பட்டுடக் கூடாதுன்னு மூடியிலயும் கொஞ்சம் கெட்டியா அப்பிட்டேன்.”

சிரிப்பொலிக்கு நடுவே தேர் நகர்ந்தபோது மணி 7.12.