கொடி கட்டிய கப்பல்கள்

“விக்கறதுக்கு இல்லன்னா எதுக்கும்மா கண்காட்சியில கொண்டு போய் மாட்டுனீங்க?”

தானிஷ் கேட்டதில் கோபம் இல்லை, அலுப்புதான் இருந்தது. ஒரு படத்துக்காக ஆம்பூரிலிருந்து குடியாத்தத்துக்கு இரண்டாவது தடவையாக வந்திருக்கிறான். முதல் தடவை பேச்சு நன்றாகத்தான் போனது. எந்த வீட்டுப் பிள்ளை என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் சௌந்தரம் ஒரேயடியாக முடியாது என்றாள்.

“எல்லாரும் பாக்கட்டும்னு மாட்டுனோம் தம்பி. பாத்தாச்சு இல்ல, அவ்ளோதான்” என்றாள் இப்போதும்.

படத்தை வரைந்த மகள் பூர்ணிமா ஜன்னலோரம் நின்று பிரஷ்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். இந்தப் பேச்சில் தனக்குச் சம்பந்தமே இல்லாததுபோல் முதுகைக் காட்டி நின்றாள்.

படம் சுவரில் சாய்ந்திருந்தது. ‘துறைமுகம், சுதந்திர தினம்’ என்று தலைப்பு, கீழே வருஷம். நவீன ஓவியம், கப்பல் எது கட்டடம் எது என்று சட்டென்று பிடிபடாது. கட்டம் கட்டமாகக் கப்பல்கள். கம்பத்துக்குக் கம்பம் தோரணமாகக் கொடிகள். முகமே இல்லாத பெருங்கூட்டம். நடுவில் ஒருவர் தோளில் உட்கார்ந்து, ஒரு சின்னப் பெண் கொடியை ஆட்டுகிறாள். இத்தனை கொண்டாட்டத்துக்கு நடுவிலும் கடலை மட்டும் பூர்ணிமா கன்னங்கரேலென்று தீட்டியிருந்தாள்.

“எனக்காகக் கேக்கலம்மா. எங்கப்பாவுக்கு” என்றான் தானிஷ். “வேலூர் கண்காட்சியில இந்தப் படத்துக்கு முன்னாடி நின்னு கேவிக் கேவி அழுதாரு. வீட்டுக்குக் கூட்டிட்டு வர்றதுக்குள்ள பேஜாராப் போச்சு. அன்னிலேர்ந்து சரியா சாப்புடல, தூங்கல. அந்தப் படம், அந்தப் படம்னு அதே பேச்சு. ஏற்கெனவே ஹார்ட் ஆபரேஷன் பண்ண உடம்பு. எனக்கு பயமா இருக்கும்மா.”

அவன் அம்மா இறந்தபோதுகூட அப்பா நயீம் அகமது யார் எதிரிலும் அழுதவர் இல்லை.

“அழுதாரா?” என்றாள் சௌந்தரம். “நெஜமாவா?”

“சத்தியமா.”

“எதுக்குன்னு கேட்டியா?”

“கேட்டேன், சொல்லல. ஆனா எனக்குத் தெரியும்.” தானிஷ் படத்தின் அருகே மண்டியிட்டு உட்கார்ந்தான். “இதுல போட்டிருக்கற வருஷம், இதே நாள், நானும் அங்கதான் இருந்தேன். ரெண்டாவது படிக்கிறேன். அப்பாவுக்கு அப்போ அவரோட டேனரி, தோல் பதப்படுத்துற கம்பெனிதான் உலகம். எங்களை எங்கயும் கூட்டிட்டுப் போனதில்ல. அன்னிக்கு மட்டும் காலையிலயே கார்ல ஏத்திட்டு மெட்ராஸ் போனாரு. கப்பலுக்கெல்லாம் கொடி கட்டியிருக்காங்கன்னு யாரோ சொன்னாங்களாம். என்னையும் இப்படித்தான் தோள்ல தூக்கி வெச்சுக்கிட்டாரு.”

சௌந்தரத்தின் பார்வை படத்திலிருந்த சின்னப் பெண்மேல் போனது.

“திரும்பி வரும்போது ராணிப்பேட்டைகிட்ட ஒரு போன் வந்துச்சு. காரை ஓரங்கட்டிப் பேசுனாரு. அப்புறம் வீடு வர்ற வரைக்கும் வாயே தொறக்கல. பிசினஸ்ல இன்னா கஷ்டமோ, கொஞ்ச நாள்லயே டேனரிய வித்துட்டாரு. அப்புறம் அவரு சிரிச்சுப் பாத்ததில்ல. நாங்க சந்தோஷமா இருந்த கடைசி நாள் இதுதாம்மா. அதான் அழுறாரு.”

ஜன்னலோரம் தண்ணீர்ச் சத்தம் நின்றுவிட்டது. தானிஷ் பூர்ணிமாவைப் பார்த்தான்.

“நீங்களும் உங்கப்பாகூட வந்திருக்கீங்க. ஒரே கூட்டத்துலதான் நின்னிருப்போம். ஒண்ணுதான் புரியல, கடலை ஏன் இப்படிக் கறுப்பா வரைஞ்சீங்க?”

“நான் கடலைப் பாத்ததே இல்லைங்க” என்றாள் பூர்ணிமா.

தானிஷ் திகைத்துப்போய்ப் படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான்.

“நாங்க போகல தம்பி” என்றாள் சௌந்தரம். “புதுச் சட்டை போட்டுக்கிட்டு இவ வாசல்லயே உக்காந்திருந்தா. இவங்கப்பாவும் டேனரியிலதான் வேலை. மெஷின் ஓடற நாள்ல கழிவுத் தொட்டியக் கழுவ முடியாது, லீவு நாள்லதான் ஆளை எறக்குவாங்க. ‘கொஞ்ச நேர வேலைதான், முடிச்சுட்டு வந்து கப்பலக் காட்டறேன்’னு சொல்லிட்டுப் போனாரு. தொட்டிக்குள்ள விஷக்காத்து. தூக்கிட்டுத்தான் வந்தாங்க. அந்தத் தொட்டித் தண்ணி கலருதான் தம்பி, இவ கடலுக்குப் பூசியிருக்கிறது.”

எந்த டேனரி என்று கேட்க வாயெடுத்த தானிஷ், கேட்காமல் படத்துப் பக்கம் திரும்பினான்.

சௌந்தரம் மகளைப் பார்த்தாள். பூர்ணிமா தலையசைத்தாள். துணிக்கொடியில் கிடந்த புது லுங்கித் துணியை எடுத்துப் படத்தைச் சுற்றிக் கட்டி, சௌந்தரம் அதை அவன் கையில் கொடுத்தாள்.

“கொண்டு போய் அவருகிட்ட குடு. பாத்து அழுதவருக்குத்தான் இது சேரணும்” என்றாள். “கப்பலுக்கெல்லாம் கொடி கட்டியிருக்காங்க, புள்ளைக்குக் காட்டணும், லீவு குடுங்க முதலாளின்னு, இவங்கப்பா உங்கப்பாகிட்டதான் கேட்டாரு.”