வீட்டாருக்கு ஒரு வாழ்த்து

“சார், இது நேரா அப்படியே போகுமா, இல்ல படம் பிடிச்சு வெட்டி ஒட்டிப் போடுவீங்களா?”

மேக்கப் நாற்காலியில் இருந்த டெலிபோன் ஆபரேட்டர் மறுபடியும் கேட்டாள். தயாரிப்பாளர் அலுத்துக்கொண்டார். “படம் பிடிச்சு வைக்க நம்மகிட்ட டேப் ஏதும்மா? நீங்க தும்மினாக்கூட டிவி இருக்கிற வீட்லயெல்லாம் கேக்கும். பயமா இருந்தா அடுத்த வாரம் வாங்களேன்.”

“அடுத்த வாரம் வந்து என்ன புண்ணியம் சார்?”

அவள் மடியில் பிரேம் போட்ட ஒரு போட்டோ குப்புறக் கிடந்தது.

போன மாதம் இதே வினாடி வினாவில் கடைசிக் கேள்வியில் கோட்டை விட்டவள் அவள். ஜெயித்தவர் பல வாரமாக அசையாமல் உட்கார்ந்திருக்கும் சாம்பியன், மருந்துக்கடைக்காரர். “போய் ஒழுங்கா லைன் குடும்மா” என்று அவர் சொல்ல, அரங்கமே சிரித்தது. இந்த வாரமே மறுபடி மோத வேண்டும் என்று தயாரிப்பாளரின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி வந்திருந்தாள்.

“அந்த ஆளு மேல இவ்வளவு கோவமா?” என்றாள் பவுடர் பூசிய பெண்.

“வயிறு எரியுதுக்கா. நாலு பேர் முன்னாடி மூஞ்சில கரி பூசாம விடமாட்டேன்.”

ஸ்டுடியோ என்று பெயர்தான் பெத்த பெயர். பழைய மரக்கிடங்கு அது. இருந்தவை இரண்டே கேமராக்கள். ஒன்று நட்டுவைத்த இடத்தை விட்டு நகராது. மற்றது நிகழ்ச்சி முடிவில் ஜெயித்தவர் முகத்தருகே உருண்டு வரும். அவர் வீட்டாருக்கு வாழ்த்துச் சொல்லலாம். தோற்றவர் முகம் கடைசிவரை கடுகளவுதான் தெரியும்.

“மேஜைமேல என்னம்மா குப்புற?” என்றார் நிகழ்ச்சி தொடங்கியதும் கேள்வி கேட்பவர்.

“வீட்டுக்காரர் போட்டோ சார். ஜெயிச்சா காட்டறேன்.”

“பாத்துக்கிட்டு இருப்பாரா?”

“கண்டிப்பா. அவருக்கு மலையில வேலை. அந்த ஊர்ல டிவி இருக்கிறது ஒரே வீட்லதான். இன்னைக்கு அங்கதான் இருப்பார். அந்த வீட்டு வெளியூர் டிரங்க் காலெல்லாம் நான்தானே இணைக்கிறேன்!”

“கொடுத்துவெச்ச மனுஷன்!” கைதட்டல் எழுந்தது. மருந்துக்கடைக்காரர் மட்டும் கொட்டாவி விட்டார்.

அந்தக் கொட்டாவி ரொம்ப நேரம் நீடிக்கவில்லை. நதி, கிரகம், தலைநகரம் என்று அவள் ஒன்றையும் விடவில்லை. அவரும் சளைக்கவில்லை. கடைசிக் கேள்விக்கு வந்தபோது இருவரும் சமம்.

“மூணு இதயம் இருக்கிற ஒரு கடல் பிராணியைச் சொல்லுங்க.”

மருந்துக்கடைக்காரர் விட்டத்தைப் பார்த்தார். அவள் கை மணியில் ஓங்கி விழுந்தது.

“ஆக்டோபஸ்!”

“சரியான விடை! ஒரு இதயத்தை வெச்சுக்கிட்டே நாம படற பாடு, அதுக்கு மூணாம்!” அரங்கம் சிரித்தது. மருந்துக்கடைக்காரர் முகம் வெளிறிக் கை நீட்டினார்.

அவள் அவர் பக்கம் திரும்பவே இல்லை. கிரீச்சிட்டபடி உருண்டு வந்த கேமராவை மட்டுமே பார்த்தாள். அதன் சிவப்பு விளக்கு எரிந்ததும் போட்டோவை நிமிர்த்தி முகத்தோடு சேர்த்துப் பிடித்தாள். கல்யாணக் கோலத்தில் அவளும் அவரும்.

“வீட்டுக்காரருக்கு வாழ்த்துச் சொல்லுங்கம்மா!”

“எல்லாரும் நல்லாப் பாத்துக்குங்க. இவர்தான் என் வீட்டுக்காரர்.” அவள் குரல் துளியும் நடுங்கவில்லை. “நாளைக்கு அந்த டிவி வீட்ல இவருக்கு இன்னொரு கல்யாணம்.”