பதற்றம் தணிகிறது

"நாற்பத்தோரு பேர் செத்திருக்காங்க. நீங்க போட்டது 'சிலர் காயம்'. எந்த ஊர்க் கணக்குலண்ணே நாற்பத்தோரு பேர் 'சிலர்' ஆனாங்க?"

செய்தி ஆசிரியை பேப்பரை மேஜைமேல் அறைந்தாள். டீ டம்ளர் ஒரு துள்ளு துள்ளி அடங்கியது. பத்து நாள் லீவு முடிந்து இன்றுதான் வந்திருந்தாள். வந்ததும் வராததுமாக இந்தக் கூத்து.

எதிரே கத்தரி உட்கார்ந்திருந்தார். இருபத்திரண்டு வருஷமாக வெளிநாட்டுப் பக்கம் அவருடையது. எவ்வளவு நீளச் செய்தியானாலும் நாலு வரிக்கு வெட்டிவிடுவார். அதனால் வந்த பெயர். வீட்டு விஷயத்தை இன்னும் சிக்கனமாக வெட்டுவார். யார் விசாரித்தாலும், "எல்லாரும் சௌக்கியம்." அவ்வளவுதான், முற்றுப்புள்ளி.

"அது செய்தி ஏஜென்சிக்காரன் சொல்ற கணக்கும்மா. அவனுங்க எப்பவும் போராடுறவங்க பக்கம்தான் சாய்வாங்க. அரசாங்க அறிக்கையில..."

"சுட்டவனே கொடுத்த அறிக்கை! திருடன்கிட்டயே போய், வீட்டுல என்னென்ன காணோம்னு கேட்டு எழுதுவீங்களா?"

"ரெண்டு பக்கமும் பாக்கணும்ல?"

"எங்க பாத்தீங்க? மாணவர் விடுதிக்குள்ள ராணுவம் புகுந்து சுட்டிருக்கு. ஊர் உலகமெல்லாம் போட்டிருக்கு. நம்ம பேப்பர்ல மட்டும் 'விடுதியில் சிறு சலசலப்பு'. சலசலப்பாம்! காத்தடிச்சு இலை ஆடுச்சா அங்க?"

பக்கத்து மேஜைகளில் தட்டச்சுச் சத்தம் நின்றது. எல்லாரும் கண்ணைத் திரையில் வைத்துக்கொண்டு காதை இங்கே அனுப்பியிருந்தார்கள்.

அவள் பழைய பேப்பர்களை ஒவ்வொன்றாக விரித்தாள்.

"தலைப்பைப் படிங்க. 'பதற்றம் தணிகிறது'. மறுநாள், 'பதற்றம் மேலும் தணிகிறது'. ஒன்பது நாளா தணிஞ்சுகிட்டே இருக்கு. இன்னும் தணிஞ்சா அந்த நாடு உறைஞ்சே போயிடும்ணே!"

யாரோ சிரித்தார்கள். கத்தரி சிரிக்கவில்லை.

"காலையில வீட்டுல இருக்கறவங்க படிக்கிற பேப்பர்ம்மா. எழுந்ததும் எழவுச் செய்தியா?"

"பூனை கண்ணை மூடிக்கிட்டா பூலோகம் இருண்டுடுமா? யாருக்காக இப்படி எழுதுறீங்க? அந்த நாட்டுத் தூதரகத்துல கூப்பிட்டு விருந்து வச்சாங்களா?"

கத்தரி நிமிர்ந்தார். கண் சிவந்திருந்தது. "என்னை வேற என்ன வேணும்னாலும் சொல்லுங்க. அந்தப் பேச்சு மட்டும் வேண்டாம்."

"சரி, பேச்சே வேண்டாம். செத்தவங்க பெயர்ப் பட்டியல் இன்னைக்கு நாலு மணிக்கு வருது. முதல் பக்கத்துல முழுசா போடப்போறேன். அந்த வேலை உங்களுக்கு இல்லை. நாளையிலேருந்து வெளிநாட்டுப் பக்கமும் உங்களுக்கு இல்லை."

"பக்கத்தை எடுத்துக்குங்கம்மா. பட்டியல் மட்டும் என் மேஜைக்கு வரட்டும். முதல்ல நான் ஒரு தடவை பாத்துடுறேன்." குரல் கெஞ்சியது.

"பாத்துட்டு? நாற்பத்தோரு பேரை நாலு பேரா வெட்டவா?"

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அது அவளுக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது. இழுப்பறையிலிருந்து நாலு கடிதங்களை எடுத்தாள்.

"நான் இல்லாதப்போ வந்தது. நாலும் ஒரே ஆள். பேர் போடலை, 'ஒரு வாசகி'. கேளுங்க. 'ஐயா, எங்கள் வீட்டு டி.வி. பழுது. பக்கத்து வீட்டு டி.வி.யில் அந்த விடுதி எரிகிறது. உங்கள் பத்திரிகையில் மட்டும் அங்கே பூ பூக்கிறது. யாரை ஏமாற்றுகிறீர்கள்? வெட்கமாக இல்லையா?' காதுல விழுந்துச்சா? அஞ்சாவது இன்னைக்குத் தபால்ல வந்திருக்கு. பிரிங்க. சத்தமா படிங்க. எல்லாரும் கேக்கட்டும்."

உறையை வாங்கி, அதிலிருந்த கையெழுத்தைப் பார்த்ததும் கத்தரியின் முகம் வெளுத்தது.

"இதைப் படிக்க வேண்டாம்மா."

"ஏன், சுடுதா?"

வெடுக்கென்று பிடுங்கி உறையைக் கிழித்தாள். அறை முழுக்கக் கேட்கும்படி படிக்க ஆரம்பித்தாள்.

"'ஐயா, நாலு கடிதத்தில் உங்கள் பத்திரிகையைக் கண்டபடி திட்டிவிட்டேன். மன்னிக்கவும். தப்பு உங்கள் மேல் இல்லை என்று நேற்றுத் துணி துவைக்கும்போதுதான் தெரிந்தது. பழுது என்று சொன்ன டி.வி.யின் ஃப்யூஸ் என் வீட்டுக்காரர் சட்டைப் பையில் இருந்தது...'"

இது என்ன, எங்கேயோ போகிறதே என்று நிறுத்தினாள். கத்தரி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேலே படித்தாள். குரல் தானாகத் தணிந்தது.

"'என் மகன் அந்த விடுதியில்தான் தங்கிப் படிக்கிறான். ஒன்பது நாளாகப் போன் இல்லை. செத்தவர்கள் பெயர் வந்தால் ஒளிக்காமல் போடுங்கள், நான் தாங்கிக்கொள்வேன். ஆனால் அந்தப் பட்டியலை உங்கள் வெளிநாட்டுப் பக்கத்தைப் பார்ப்பவர் கையில் மட்டும் தனியாகக் கொடுத்துவிடாதீர்கள். அவர் தாங்க மாட்டார். பாவம், எனக்கு இன்னும் ஒன்றும் தெரியாது என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்.'"