இரண்டாவது ‘சரி’

எரிபொருள் கணக்கைக் கேப்டன் திருப்பிச் சொல்லி முடித்தார். சத்தியநேசன் தன் பங்குக்குச் ‘சரி’ என்றும் சொல்லியாயிற்று. அடுத்த ‘சரி’தான் வரவில்லை.

போனைக் காதோடு அழுத்திக்கொண்டு காத்திருந்தார். லைனில் யாரோ இருக்கிற மாதிரித்தான் இருந்தது. மூச்சா, வெறும் இரைச்சலா, தெரியவில்லை.

சத்தியநேசன் விமானம் ஓட்டுகிறவர் அல்ல, அனுப்பிவைக்கிறவர். எந்த வழியாகப் போகவேண்டும், வழியில் மேகம் எப்படி, எவ்வளவு எரிபொருள் வேண்டும் என்று கணக்குப் போட்டு விமானிக்குச் சொல்லும் டிஸ்பாட்சர். சென்னையில் புதிதாக முளைத்த ஒரு சின்னக் கம்பெனியில் வேலை. அந்த வேலையைத்தான் ஒரு மாதமாகப் பாளையங்கோட்டை வீட்டின் முன்னறையில் ஒரு போனையும் ஃபேக்ஸ் மெஷினையும் வைத்துக்கொண்டு பார்க்கிறார்.

“வீட்டுல இடுப்புல சாரத்தக் கட்டிக்கிட்டு பிளேன் விடுதீராமே வே? எங்க மொட்டை மாடியிலயும் ஒண்ண இறக்கும், பாப்போம்” என்று பக்கத்து வீட்டு நேசையா நக்கலடிக்காத நாளில்லை.

அடித்துவிட்டுப் போகட்டும். உள்ளறையில் பாக்கியவதி ஏழு மாத வயிற்றோடு படுத்திருக்கிறாள். இதற்கு முன்னால் இரண்டு தங்கவில்லை. கட்டிலை விட்டு இறங்கவே கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பார்த்துக்கொள்ள வேறு ஆளும் கிடையாது. மானேஜரிடம் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய சலுகை இது. ஒரு மாதம் பார்ப்போம், ஒழுங்காக நடந்தால் பிரசவம் வரைக்கும் நீட்டிக்கலாம் என்றிருந்தார். இன்றோடு அந்த மாதம் முடிகிறது.

ஆபீசில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் கணக்கைச் சொல்வார். விமானி அதைத் திருப்பிச் சொல்வார். அதே காகிதத்தை வைத்துக்கொண்டு பக்கத்தில் இன்னொருவர் கேட்டுக்கொண்டிருப்பார், பிழையில்லை என்றால் அவரும் ‘சரி’ என்பார். அந்த இரண்டாவது ‘சரி’ விழாமல் விமானம் நகராது. சத்தியநேசன் வீட்டிலிருந்து பேசும்போது, புதிதாகச் சேரப்போகிற சிவசண்முகம் என்பவர் சென்னை ஆபீசிலிருந்தே அதே லைனில் கேட்டுக்கொண்டிருப்பார் என்று ஏற்பாடு.

முகம் பார்த்ததில்லை. வணக்கமும் கிடையாது, வருகிறேனும் கிடையாது. வறண்ட குரலில் ஒரு ‘சரி’, அவ்வளவுதான். ஆனால் கெட்டிக்காரர். ஒருநாள் சத்தியநேசன் கூட்டலில் ஒரு சைபரை விழுங்கிவிட்டார். அன்றைக்கு அந்தக் குரல் வாயே திறக்கவில்லை. திரும்பக் கூட்டி ஒழுங்காகச் சொன்ன பிறகுதான் வந்தது.

இன்றும் திரும்பக் கூட்டினார். மறுபடியும் கூட்டினார். பிழை இருந்தால்தானே கிடைக்கும்?

“உங்க ஆளு இன்னும் சொல்லலையே” என்றார் கேப்டன் சுந்தர்ராமன். பயணிகள் எல்லாரும் ஏறி உட்கார்ந்தாயிற்று.

“கொஞ்சம் பொறுங்க சார். என்னன்னு கேட்டுட்டுக் கூப்பிடுதேன்.”

வைத்துவிட்டு மானேஜருக்குப் போட்டார். லைன் கிடைப்பதற்குள் விரல் தேய்ந்துவிட்டது.

விஷயத்தைக் கேட்டு மானேஜர் சிரித்தார். “சிவசண்முகமா? அவரு வேலைக்கே வரலியே. உங்க லைன்ல யாரையும் போடல. உங்ககிட்ட சொல்ல விட்டுப்போச்சு. தனியா ஒரு மாசம் ஒரு பிசகு இல்லாம அனுப்பியிருக்கீங்க சத்தியநேசன். பிரசவம் வரைக்கும் வீட்டுலயே இருந்துக்கங்க. இப்ப பிளைட்ட விடுங்க, முதல்ல.”

அப்படியானால் இந்த ஒரு மாதமும் லைனில் ‘சரி’ சொன்னது யார்? பிரமை என்று தள்ளிவிடலாமென்றால், அந்தக் குரலைக் கேப்டனும் அல்லவா தினமும் கேட்டிருக்கிறார்.

விடுகிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பாக்கியவதி பக்கத்திலேயே இருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் அங்கே பெல்ட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவர்களும் யாரோ பெற்ற பிள்ளைகள்தானே.

“விடமாட்டேன் சார். என்ன கோளாறுன்னு எனக்குத் தெரியல. ஆனா இன்னைக்கு அது கிளம்பக் கூடாது.”

மிரட்டி, அதட்டி, கடைசியில் அலுத்துப்போய் மானேஜர் சொன்னார்: “திங்கட்கிழமை சென்னைக்கு வந்து சீட்ல உட்காருங்க. இந்த வீட்டு வேலையெல்லாம் சரிப்படாது.”

சத்தியநேசனுக்குக் கண் கலங்கிவிட்டது. அவளை யாரிடம் விட்டுவிட்டுப் போவது? கர்த்தர் ஒரு வழி காட்டாமலா போவார் என்று மனதைத் தேற்றிக்கொண்டு, விமானத்தை நிறுத்தச் சொல்ல விமான நிலையத்துக்குப் போன் போட்டார். இந்த முறையும் லைன் கிடைக்க வெகுநேரம் ஆயிற்று. எடுத்தது கேப்டன் அல்ல, அங்கே வேலைபார்க்கும் மஹாலக்ஷ்மி.

“கேப்டன் அப்பவே போயிட்டாரே சார். பிளைட் மேல ஏறியாச்சு.”

“யாரும்மா விடச் சொன்னது?”

“நீங்கதானே சார்.” அந்தப் பெண் குழம்பிப்போனாள். “நீங்க வச்ச உடனே திரும்பவும் பண்ணீங்களே? நான்தான் எடுத்துக் கேப்டன்கிட்ட குடுத்தேன். ரெண்டாவது ‘சரி’யையும் நீங்களே சொல்லிட்டீங்கன்னு சொன்னாரு. அப்புறம் என்கிட்ட பேசினீங்க. ‘உள்ள இருந்து வீட்டுக்காரி கூப்பிடுதா, இனி என்னால பேச முடியாது’ன்னு சொல்லி வச்சிட்டீங்க.”

சத்தியநேசன் உள்ளறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். கதவு ஒருக்களித்திருந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பாக்கியவதி அசந்து தூங்கிக்கொண்டிருக்கிறாள். அவள் கூப்பிடவே இல்லை.

ரேடியோவில் கேப்டனைப் பிடித்துத் திருப்பச் சொல்லம்மா, இப்பவே சொல்லு என்று சொல்ல வாயெடுத்தார்.

உள்ளே இருந்து பாக்கியவதி கூப்பிட்டாள்.